மழை விட்ட காலையில் உதறும் பழைய பிக்கப்: எந்த சிலிண்டர் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உரமூட்டையும் குலையும் ஏற்றும் பழைய ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கிறேன். பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர். இரவு மழை பெய்தால் காலையில் ஸ்டார்ட் ஆனதுமே உதறுகிறது, புகைக்குழாயில் ‘டப் டப்’ என்று அடிக்கிறது. சூடேறியதும் கொஞ்சம் தணிகிறது. ஆனால் சுமையோடு மேடேறும்போது மறுபடியும் மிஸ் அடித்து இழுவை போய்விடுகிறது. நான்கு பிளக்கையும் புதிதாக மாற்றியும் தீரவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

பதில்: இனி எதையும் வாங்காதீர்கள். மிஸ்ஸிங் என்றதும் பிளக், அது போகாவிட்டால் காயில், அதற்கும் போகாவிட்டால் கார்புரேட்டர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும். நீங்கள் எழுதிய இரண்டு அடையாளங்களே பாதி வழியைக் காட்டுகின்றன: ஈரம் பட்டால் வருகிறது, சுமை ஏறினால் வருகிறது.

இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. பிளக் முனையில் பொறி தாண்ட காயில் பல ஆயிரம் வோல்ட் கொடுக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தி மேடேறும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்றும் பெட்ரோலும் புகுந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். மின்சாரம் எப்போதும் சுலபமான வழியைத் தேடும். பிளக் கேபிளிலோ, காயிலின் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலோ ஒரு பலவீனமான இடம் இருந்தால், பிளக்கைத் தாண்டுவதைவிட அங்கே கசிந்து எஞ்சின் இரும்புக்கு ஓடிவிடுவது அதற்குச் சுலபம். ஈரம் அந்தக் கசிவுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. சூடு அந்த ஈரத்தை உலர்த்துகிறது. அதனால்தான் முதல் சந்தேகம் கேபிள், மூடி, மூடிக்குள் சுற்றும் ரோட்டர் ஆகியவற்றின் மேல். மாற்றிய பிளக்குகளிலும் ஒன்றைச் சரிபாருங்கள்: பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டியிருந்தால் இடைவெளி உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். இந்த வகை எஞ்சின்களில் 0.8 மி.மீ. வழக்கம், சிலவற்றில் 1.1 வரை போகும். வண்டிக் கையேடு சொல்லும் அளவே சரியானது.

சோதனையை வண்டி மிஸ் அடிக்கும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். மழை விட்ட காலையில், குளிர்ந்த எஞ்சினில். வெயில் ஏறி எல்லாம் உலர்ந்த பிறகு பார்த்தால் எல்லாமே நல்லதாகத் தெரியும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். கூரைக்கடியில் புகை தேங்கும். கைலியோடு எஞ்சின் பக்கம் குனியாதீர்கள், காற்றாடி இழுத்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘டப்… டப்… டப்’ என்று ஒரே தாளத்தில் வந்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. தாளமே இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வந்தால், நான்கு சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் பழுது: காயில், காயிலிலிருந்து மூடியின் நடுவுக்குப் போகும் கேபிள், ரோட்டர், பெட்ரோல் வரத்து.

அடுத்து எந்த சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள். எஞ்சினை அணையுங்கள். கேபிள்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டி எழுதுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1. பழைய நான்கு பிளக்கில் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் எண் கேபிளைக் கழற்றி, அதன் முனையில் அந்தப் பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் உலோக உடம்பை ஒரு கிளிப் வயரால் எஞ்சின் இரும்போடு இணையுங்கள். இப்போது ஸ்டார்ட் செய்து ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல், கேளுங்கள். உதறல் முன்பைவிடக் கூடினால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால், அதுதான் செத்த சிலிண்டர். அணைத்து, மாட்டி, அடுத்ததுக்குப் போங்கள். ஓடும் எஞ்சினில் வெறுங்கையால் கேபிளைப் பிடுங்காதீர்கள். கழற்றிய கேபிளை எதோடும் இணைக்காமல் தொங்க விட்டும் ஓட்டாதீர்கள். போக இடமில்லாத மின்சாரம் காயிலையோ, காயிலை இயக்கும் மின்னணுப் பாகமான இக்னைட்டரையோ துளைத்துவிடும்.

செத்த சிலிண்டர் தெரிந்ததும், அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். பழுது கூடவே போனால் பிளக். போகாவிட்டால், நீளம் எட்டினால், கேபிளை மாற்றிப் பாருங்கள். பழுது கூடவே நகர்ந்தால் கேபிள். மீட்டர் இருந்தால் கேபிளின் இரு முனைக்கும் இடையே அளக்கலாம். ஒரு கேபிளுக்கு 25 கிலோ ஓமைத் தாண்டினால் டொயோட்டாவின் அளவுப்படி அது மாற்ற வேண்டியது. ஆனால் மீட்டர் நல்லதென்று சொன்னாலும் மேலுறையில் விரிசல் இருந்தால் கசியும். இருட்டில் பானட்டைத் திறந்து, பூச்செடிக்கு அடிக்கும் தண்ணீர் புட்டியால் கேபிள்கள் மேல் மெல்லிய சாரலாகத் தூவுங்கள். கையைத் தள்ளியே வையுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும், அல்லது அந்த நொடியே எஞ்சின் உதறும். செம்பனைத் தோட்டங்களில் எலித் தொல்லை அதிகம். கேபிளின் அடிப்பக்கத்தில் பல் தடம் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுவது உங்கள் வண்டியில் மிக முக்கியம். உட்புறத்தை டார்ச் அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஈர முத்துகள் இருந்தால் உலர்ந்த சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். பென்சிலால் கிறுக்கியது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ ஓடினால் அந்த மூடி முடிந்தது. அது மின்சாரம் எரித்துப் போட்ட கரித்தடம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சில நாள் ஓடும், பிறகு மறுபடியும் வரும். நடுவில் இருக்கும் கரிப் பொத்தான் தேய்ந்தோ உடைந்தோ போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ரோட்டரைக் கழற்றித் திருப்பினால், அடியில் தண்டு நுழையும் இடத்தில் சிறு கறுப்புப் புள்ளி தெரியலாம்; மின்சாரம் ரோட்டரையே துளைத்துத் தண்டுக்கு இறங்குகிறது என்று பொருள். இதைப் பலர் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். மூடியையும் ரோட்டரையும் ஜோடியாக மாற்றுங்கள். பழைய வண்டிகளை அறுத்து விற்கும் ஹாஃப்-கட் கடையில் மற்ற சாமான்கள் வாங்கலாம், இந்த இரண்டையும் அங்கே வாங்காதீர்கள். அவையும் அதே வயதுடையவை. திரும்ப மாட்டும்போது கேபிள் வரிசை தவறக்கூடாது. இந்த ஜப்பானிய நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் எரியும் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றும் திசையில்.

நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி தடுமாறினால் காயிலைப் பாருங்கள். சூடேறிய பிறகு கெட்டுப்போகும் காயில் ஆறியதும் நல்லதாக அளவு காட்டும், ஆகவே சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பெட்ரோல், காற்றுப் பக்கம் உங்கள் வண்டிக்கு இரண்டாவது சந்தேகம்தான். ஐடிலில் மட்டும் மிஸ் அடித்து, வேகமாகப் போகும்போது சீராக ஓடினால் ஐடில் ஜெட் அடைப்பு, அல்லது எங்கோ கள்ளக் காற்று, அதாவது கார்புரேட்டர் வழியாக வராமல் இடுக்கில் புகும் காற்று. சாவியை ஆனில் வைத்தால் கார்புரேட்டரில் உள்ள ஐடில் சோலினாய்டு ‘டிக்’ என்று சத்தம் தர வேண்டும். கள்ளக் காற்றைத் தேட பிரேக் பூஸ்டர் குழாயை ஒரு நொடி மடித்துப் பிடியுங்கள், கார்புரேட்டர் அடி காஸ்கெட்டில் தண்ணீர்ச் சாரல் அடியுங்கள். ஐடில் மாறினால் அங்கேதான் ஓட்டை. சிலர் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளித்துத் தேடுவார்கள். சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் அது தீ வைப்பதற்குச் சமம். செம்மண் சாலையில் ஓடும் வண்டி என்பதால் ஏர் ஃபில்டரையும், டேங்க் துரு வந்து அடைக்கும் பெட்ரோல் ஃபில்டரையும் கையோடு பாருங்கள்.

பிளக், கேபிள், மூடி எதுவும் காரணம் இல்லை, ஆனாலும் அதே சிலிண்டர்தான் செத்திருக்கிறது என்றால் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் உண்டாக்கும் அழுத்தத்தை, அளக்க வேண்டும். திருகி மாட்டும் கேஜ் ஒன்று வாங்கினாலும் இரவல் பெற்றாலும் போதும். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்க, நான்கு பிளக்கையும் கழற்றி, காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஊசி ஏறாமல் நிற்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஊசி ஐந்தாறு முறை துள்ளும் வரை சுற்றினால் போதும். நல்ல எஞ்சினில் 150 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை வரும். எண்ணிக்கையைவிட வித்தியாசம் முக்கியம்: மூன்று 160 காட்டி ஒன்று 100 காட்டினால் பழுது அங்கே. அந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் வால்வு எரிந்திருக்கலாம். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைந்தால் அவற்றுக்கிடையே ஹெட் காஸ்கெட் போயிருக்க அதிக வாய்ப்பு. இவையெல்லாம் ஹெட்டைக் கழற்றும் வேலை, பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் நான்கு எண்களையும் தாளில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

பிளக்கைத் திரும்ப மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். முதலில் விரலால் திருகுங்கள். புதிய வாஷர் உள்ள பிளக் என்றால் வாஷர் எஞ்சினில் பட்டபின் அரைச் சுற்று, ஏற்கெனவே மாட்டியது என்றால் சற்றே ஒரு நெருக்கல் போதும்.

பழுது தீரும் வரை சுமை ஏற்றாதீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு எஞ்சின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்புக்குள் இறங்குகிறது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தாலோ எண்ணெய் மட்டம் கூடியிருந்தாலோ, மிஸ்ஸிங்கைச் சரிசெய்த அன்றே எஞ்சின் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.