நடத்துநர் இல்லாத வண்டி

கேள்வி: அனார்க்கோ-சிண்டிகலிசம் என்ற ஒன்று தொழிலாளர் இயக்கத்தில் ஒரு காலத்தில் பெரிய சக்தியாக இருந்ததாகப் படித்தேன். அராஜகவாதிகளால் எப்படி ஐயா ஒரு சங்கத்தை நடத்த முடியும்? 11 ஆண்டுகளாக ஒரு சங்கத்தின் செயலாளராக இருப்பவன் கேட்கிறேன். நான் நடத்தாவிட்டால் எங்கள் சங்கம் ஒரு நாள்கூட நடக்காது. சிங்கப்பூர் வரலாற்றில் இந்தக் கொள்கைக்கு இடம் உண்டா?
(செம்பவாங் வாசகர்)

பதில்: 'அனார்க்கோ'வை நான் தாண்டிவிட்டேன். 'சிண்டிகலிச'த்தையும் தாண்டிவிட்டேன். 'நடத்த' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நட என்பது தன்வினை, நடத்து என்பது பிறவினை. குழந்தை நடக்கும். கையைப் பிடித்துக்கொண்டு தாத்தா நடத்துவார். தமிழ்நாட்டில் பேருந்தில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவருக்கு நடத்துநர் என்று பெயர் வைத்தார்கள். வண்டியை ஓட்டுகிறவர் வேறொருவர். காசு கொடுக்கிறவர்கள் பயணிகள். ஆனால் விசில் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நடத்துநர். உங்கள் 11 ஆண்டைப் படித்தபோது எனக்கு விசில் சத்தம் கேட்டது.

சிங்கப்பூர்ப் பேருந்தில் நடத்துநரைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. வடகிழக்கு ரயில் பாதையில் 2003 முதல் ஓட்டுநரும் கிடையாது. லிட்டில் இந்தியாவில் ஏறினால் முதல் பெட்டியின் முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அதை அராஜக ரயில் என்று யாரும் சொல்வதில்லை. எங்கோ ஓர் அறையில் யாரோ உட்கார்ந்து அதை நடத்துகிறார் என்ற நம்பிக்கைதான். அந்த அறை இல்லாமலே ரயில் ஓடுமா என்பதுதான் நீங்கள் கேட்ட கொள்கையின் கேள்வி.

முதலில் 'அனார்க்கோ', அதாவது அராஜகம். போலீஸ் தடியடி நடத்தினால் நம் பத்திரிகைகள் 'அராஜகம்' என்று தலைப்புப் போடும். தடி எடுத்தவர் அரசாங்கம், கெட்ட பெயர் அரசு வேண்டாம் என்றவர்களுக்கு! சொல்லுக்கு அரசன் இல்லாமை என்பதற்கு மேல் பொருள் இல்லை. நமக்கு அரசன் இல்லாவிட்டால் மூச்சே நின்றுவிடும் என்று பயம். நெல்லும் உயிர் இல்லை, நீரும் உயிர் இல்லை, மன்னன்தான் உயிர் என்று புறநானூற்றில் பாடி வைத்தவர் மோசிகீரனார். அந்த மோசிகீரனார்தான் சேரமானின் முரசுக் கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கியவர். வாளை எடுக்க வேண்டிய அரசன் விசிறியை எடுத்து வீசினான். முதலாளியின் நாற்காலியில் தூங்கி, முதலாளியையே விசிறவும் வைத்த முதல் தமிழ் உழைப்பாளி அவர்தான் என்பது என் கட்சி. தமிழாசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வந்தாலும் சரி.

அடுத்து சிண்டிகலிசம். நம் பெரியவர்களுக்குச் சிண்டிகேட் என்றால் 1969-இல் இந்திரா காந்தியோடு மோதிய காமராஜர் கோஷ்டி ஞாபகத்துக்கு வரும். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தச் சொல்லில் அத்தனை மர்மம் கிடையாது, தொழிற்சங்கம் என்று பொருள், அவ்வளவுதான். 1906-இல் அமியான் என்ற ஊரில் கூடிய பிரெஞ்சுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, எந்தக் கட்சிக்கும் நாங்கள் வால் இல்லை என்று தீர்மானம் போட்டது. அந்த வழிக்காரர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான்: ஓட்டுப் போட்டு ஆளைச் சபைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதே. வேலை உன் கையில் இருக்கிறது, அதை நிறுத்து. எல்லாரும் சேர்ந்து நிறுத்தினால் அது பொது வேலைநிறுத்தம். அதற்கு மறுநாள் பட்டறையை, ரயிலை, ரொட்டிக்கடையைச் சங்கமே எடுத்து ஓட்டும். தலைவர் என்று ஒருவர் வேண்டாம். உறுப்பினர்கள் கூடி எடுத்த முடிவைச் சுமந்துகொண்டு போய்ச் சொல்ல ஓர் ஆள் போதும். மாற்றிச் சொன்னால் அன்றைக்கே அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள், செயலாளர் ஐயா.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் ஸ்பெயின். சிஎன்டி என்ற கூட்டமைப்பு 1910-இல் பார்சலோனாவில் பிறந்தது. பத்து லட்சம் பேர் வரை சேர்ந்த அமைப்பில் சம்பளம் வாங்கும் நிர்வாகிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1919-இல் 'கனடாக்காரன் கம்பெனி' என்று ஊரார் அழைத்த மின்நிறுவனம் அலுவலக ஊழியர் சிலரை வேலையை விட்டு நீக்கியது. சிலருக்காகத் தொடங்கியது ஊரையே இருட்டாக்கியது. 44 நாள். முடிவில் ஸ்பெயின் அரசு எட்டு மணி நேர வேலைநாளைச் சட்டமாக்கியது.

அந்த வேலைநிறுத்தத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அச்சுக்கூடத் தொழிலாளர்கள், வேலைநிறுத்தத்துக்கு எதிரான செய்தி வந்தால் எழுத்துக் கோக்க மாட்டோம் என்றார்கள். ஆசிரியர்கள் எழுதித் தள்ளினார்கள், பக்கம் வெளியே வரவில்லை. சிவப்புத் தணிக்கை என்று பெயர். ஓர் ஆசிரியனாக நான் இதற்குக் கோபப்பட வேண்டும். ஆனால் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் உள்ளூர்ச் சங்கம் ஒன்றின் விழாச் செய்தியில் 'பொதுச் செயலாளர்' என்பது 'பொதுச் செலவாளர்' என்று அச்சாகிவிட்டது. இரண்டு எழுத்துக்குப் பதில் இரண்டு எழுத்து. அந்த நண்பர் தேக்கா சந்தையில் என்னைக் கண்டால் இன்றைக்கும் மீன் கடைப் பக்கம் திரும்பிவிடுகிறார். மறு இதழில் வருத்தம் தெரிவித்தோம். பிழை எங்களுடையதுதான் என்று எழுதினேனே தவிர, தகவல் தவறு என்று எழுதவில்லை. அது போதாதென்று இன்னொரு கடிதம் வந்தது. அந்தச் சங்கத்தின் பொன்னாடைச் செலவை அப்போதே கணக்குப் பார்த்திருந்தால்... சரி, அதை விடுவோம்.

1936 ஜூலையில் ராணுவம் கிளர்ந்தது. பார்சலோனாவில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கி அதைத் தோற்கடித்தார்கள். டிராம் கம்பெனியின் நிர்வாகிகளைக் காணோம். சிஎன்டி டிராம் தொழிலாளர்கள் கூடிப் பேசி, தண்டவாளத்தையும் கம்பிகளையும் சரி செய்து, சில நாளில் வண்டிகளைக் கறுப்பு-சிவப்பு வண்ணம் பூசி ஓட்டினார்கள். வழக்கமாக 600 ஓடிய ஊரில் 700 ஓடின என்று இயக்கத்தின் சார்பில் எழுதியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டாலும், நிர்வாகி இல்லாத டிராம் நடந்தது. கறுப்பு-சிவப்பு என்றதும் நம்மில் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். அது வேறு கொடி, நீங்கள் உட்காரலாம்.

இங்கேதான் கதை எனக்குப் பிடிக்காத பக்கம் திரும்புகிறது. அதே ஆண்டு நவம்பரில் சிஎன்டி அரசாங்கத்தில் சேர்ந்தது. நான்கு அமைச்சர்கள்! பல ஆண்டுகள் சிறையில் கிடந்த கார்சியா ஒலிவர் நீதி அமைச்சர். பெதெரிகா மோன்ட்செனி சுகாதார அமைச்சர், ஸ்பெயினின் முதல் பெண் அமைச்சர். கிளர்ந்த ராணுவத்தின் தலைவர் பிராங்கோவின் படை தலைநகரின் வாசலுக்கு வந்துவிட்டது, வேறு வழி இல்லை என்றார்கள். இருக்கலாம். 1937 மே மாதம் சங்கத்தின் கையில் இருந்த பார்சலோனா தொலைபேசி நிலையத்தைக் கைப்பற்றப் போலீஸ் வந்தது. பல நாள் தெருச்சண்டை. துப்பாக்கியைக் கீழே போடுங்கள் என்று வானொலியில் கெஞ்சியவர்கள் அந்த அமைச்சர்களேதான். நடக்கிறவர்களாக இருந்தவர்கள் நடத்துகிறவர்களானார்கள். அதற்கப்புறம் அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

இனி நம் பக்கம். இந்தக் கொள்கைக்காரர்களின் உலகக் கூட்டமைப்பு பிறந்தபோதே அங்கே ஒரு தமிழ்நாட்டுக்காரர் இருந்தார். மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியா, சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சாரியா. 1887-இல் சென்னையில் பிறந்தவர். பாரதியின் 'இந்தியா' பத்திரிகைக்குப் பின்னால் நின்ற மண்டயம் குடும்பம். லண்டன், பெர்லின், மாஸ்கோ என்று சுற்றி, 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது அங்கே இருந்து, அதன் முக்கியத் தலைவரான எம்.என். ராயோடு சண்டை போட்டு வெளியே வந்தார். 1922 கடைசியில் அனார்க்கோ-சிண்டிகலிஸ்டுகள் பெர்லினில் தங்கள் அகிலத்தை, அதாவது அந்த உலகக் கூட்டமைப்பைத் தொடங்கியபோது அங்கேயும் இருந்தார். 1954-இல் பம்பாயில் வறுமையில் இறக்கும்வரை உலகெங்கும் உள்ள அராஜகப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். இந்தத் தீவில் ஆண்டுதோறும் எத்தனை பாரதி விழா! எத்தனை பொன்னாடை! பாரதி மீசையை எப்படி முறுக்கினார் என்று முக்கால் மணி நேரம் பேசுகிறவர்கள், ஆச்சாரியாவின் பெயரை ஒரு தடவை சொல்லி நான் கேட்டதில்லை.

சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அராஜகவாதம் முதலில் வந்தது சீனர்களிடம். 1919 வாக்கில் ஆசிரியர்கள், அச்சுத் தொழிலாளர்கள் போன்றவர்கள் வழியாக, கம்யூனிஸ்டுகளுக்கும் முன்பே. 1925-இல் கோலாலம்பூரில் சீனர் விவகார அலுவலகத்தில் ஓர் இளம்பெண் கொண்டுவந்த குண்டு வெடித்து அதிகாரி காயமடைந்தார். அத்தோடு போலீஸ் நெருக்கிவிட்டது. பின்னால் வந்த பெரிய சங்கங்களும் போராட்டங்களும், 1946 ஜனவரிப் பொது வேலைநிறுத்தம் உட்பட, பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்சியின் கைபிடித்து நடந்தவைதாம். ஆக, கொள்கையாக இங்கே அது வேர்விடவில்லை.

ஆனால் கொள்கையின் பெயரே தெரியாமல் அதைச் செய்தவர்கள் உண்டு. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை மூடல் என்று பட்டியல் போட்டார்கள். அதில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது. சைக்கிள் வாங்கியவனை இறக்கி நடக்க வைத்தார்கள், ஐயா. நடத்துவது என்பதற்கு இதைவிட நேரான பொருள் எந்த அகராதியில் இருக்கிறது? முன்னின்ற ஆர்.எச். நாதனைக் கைது செய்தார்கள். அவர் பத்திரிகைக்காரர், இதைக் கொஞ்சம் மார்தட்டித்தான் சொல்கிறேன். நடத்துகிறவரைப் பிடித்துப் போட்டால் நடை நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுக்கப் பரவியது. ராணுவம் வந்தது, சுட்டார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். சைக்கிள் விஷயத்தை என் மாமனாரிடம் நான் கேட்டபோது அவர் சொன்னது: "அதுக்கப்புறம் பெல் அடிச்சுக்கிட்டே போவோம்." அவர் கிள்ளானில் இருந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

இன்றைய சிங்கப்பூர் என்றால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. சங்கமே கடையை ஓட்டும், சங்கமே வண்டியை ஓட்டும் என்று பார்சலோனாக்காரர்கள் உயிரைக் கொடுத்தார்கள். இங்கே தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான என்டியுசி 1970-இல் காப்புறுதி தொடங்கியது, அதே ஆண்டு டாக்சி தொடங்கியது, 1973-இல் தோ பாயோவில் பேரங்காடி திறந்தது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அந்த டாக்சிக்கு வைத்த கம்ஃபர்ட் என்ற பெயரே போக்குவரத்துக்கான தொழிலாளர் கூட்டுறவுப் பொதுநலம் என்று ஆங்கிலத்தில் எழுதியதன் சுருக்கம்தான். பார்சலோனா டிராம் தொழிலாளி கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பார். பிற்பாடு அது கம்பெனியாகிவிட்டது என்று அவரிடம் நான் சொல்லமாட்டேன். சங்கத்தின் பொதுச் செயலாளரே அமைச்சராகவும் இருந்த ஆண்டுகள் இங்கே நிறைய. கார்சியா ஒலிவருக்கு அதற்கு ஒரு உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது. என் வீட்டில் 'யூனியனுக்குப் போய்ட்டு வரேன்' என்றால் அரிசியும் கொத்தமல்லியும் வரும். கடைசியாகச் சட்டப்படி நடந்த வேலைநிறுத்தம் 1986-இல், ஹைட்ரில் என்ற கம்பெனியில், 61 பேர். அதன்பின் 2012-இல் சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள் வேலைக்குப் போகாமல் விடுதியில் இருந்துவிட்டார்கள். அது சட்டவிரோதம் என்று ஆனது, சிலர் சிறைக்குப் போனார்கள், இன்னும் சிலர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்.

எனக்கு இந்தக் கொள்கையில் முழு நம்பிக்கை உண்டா என்றால், டிராமுக்கு உண்டு, போருக்கு இல்லை. உங்கள் சங்கத்துக்கு இருக்கிறதா என்று சோதிக்க மட்டும் ஒரு வழி இருக்கிறது. அடுத்த மாதம் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் வாருங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். சங்கம் நடந்ததா இல்லையா என்று எழுதுங்கள், அப்படியே போடுகிறேன். உங்கள் பதவிப் பெயரை இந்த முறை நானே இரண்டு தடவை மெய்ப்புப் பார்க்கிறேன்.