ட்ரிம் பொத்தானை அமுக்கினால் முனகுகிறதா? படகு மோட்டார் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 115 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டார் பூட்டிய படகு ஒன்று இருக்கிறது, சிம்கோ ஏரியில் மீன் பிடிக்கப் போவதற்கு. குளிர் முடிந்து மே மாதம் உறையைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மேலும் கீழும் சாய்க்கும் ட்ரிம் பொத்தானை அமுக்கினால் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல். மோட்டார் பாதி உயரம் வரை எழும்பி அங்கேயே நின்று நடுங்குகிறது. விட்டால் அரை மணி நேரத்தில் தானாகவே கீழே வந்துவிடுகிறது. முழு ட்ரிம் யூனிட்டையும் மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், மார்க்கம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள், இப்போதைக்குப் பணத்தை எடுக்க வேண்டாம். சத்தம் வருகிறது, பாதி தூரமாவது தூக்குகிறது என்றால் மின்சாரம் போகிறது, ட்ரிம்மின் குட்டி மோட்டார் சுற்றுகிறது, அதற்குக் கீழே இருக்கும் பம்பும் ஏதோ வேலை செய்கிறது. அந்தப் பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளித்தான் மோட்டாரைத் தூக்குகிறது, அதனால் எனக்கு முதல் சந்தேகம் அந்த ட்ரிம் எண்ணெய் மேல்தான். எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். எண்ணெயை அமுக்கினால் அது சுருங்காது, காற்று சுருங்கும், அதுதான் அந்த முனகலும் நடுக்கமும்.

ஆனால் எண்ணெய்க்கு முன்னால் ஒரு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. மோட்டாரைப் படகில் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அதற்குள் பெரிய பிளவு வைத்த ஸ்குரூ தெரியும். பேட்டரி செத்துப்போனால் கையால் மோட்டாரைத் தூக்குவதற்காக வைத்த வால்வு அது. போன வருஷம் யாராவது அதைத் திறந்துவிட்டுச் சரியாக மூடாமல் விட்டிருந்தால், நீங்கள் சொல்லும் அதே கோளாறு அப்படியே வரும்: முனகும், பாதியில் நிற்கும், தானாக இறங்கும். நான் பார்த்த ஒரு படகுக்குப் புது ட்ரிம் மோட்டாரே வாங்கிப் போட்டிருந்தார்கள், அப்புறமும் சரியாகவில்லை. கடைசியில் அந்த ஸ்குரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அது இறுக்கமாக இருந்தால் எண்ணெயைப் பாருங்கள். அந்த ஸ்குரூவைத் திறந்து, இரண்டு பேராகச் சேர்ந்து மோட்டாரை முழு உயரத்துக்குத் தூக்கி, அதை மேலேயே பிடித்து நிறுத்தும் டில்ட் லாக்கைப் போட்டு, ஸ்குரூவை மறுபடி மூடுங்கள். லாக் போடாமல் தயவுசெய்து யாரும் அடியில் கையையோ தலையையோ நீட்ட வேண்டாம், 160 கிலோவுக்குக் குறையாத இரும்பும் அலுமினியமும் உங்கள் மேல் நிற்கிறது. மோட்டார் கீழே இருக்கும்போது ட்ரிம் எண்ணெய் மூடியைத் திறக்கவும் வேண்டாம், உள்ளே அழுத்தம் இருந்தால் முகத்தில் பீய்ச்சும்.

மூடியை மெதுவாகத் திறந்தால் எண்ணெய் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. பால் ஊற்றிய தேநீர் மாதிரி கலங்கி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். எந்த எண்ணெய் என்பதை உங்கள் மோட்டாரின் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். பல மோட்டார்களுக்கு காரின் ஆட்டோ கியரில் ஊற்றும் டெக்ஸ்ரான் வகை எண்ணெய்தான், சிலவற்றுக்கு வேறு. நிரப்பி மூடி, லாக்கை எடுத்துவிட்டு, நாலைந்து முறை மேலும் கீழும் ஓட்டி, சில நிமிஷம் விட்டு மறுபடி அளவு பாருங்கள், காற்று வெளியேறும்போது மட்டம் இறங்கும்.

சரி, குறைந்த எண்ணெய் எங்கே போனது? சிலிண்டர் தண்டுகளைத் துடைத்துவிட்டு, இரவு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் கறை இருந்தால் சீல் போயிருக்கிறது, சீல் மட்டும் தனியாகக் கிடைக்கும். கறையே இல்லாமல் மோட்டார் மட்டும் இறங்கினால் உள்ளுக்குள் ஒரு வால்வோ ஓ-ரிங்கோ விடுகிறது, அப்போதுதான் யூனிட்டைக் கழற்றும் பேச்சு. இனி இந்தப் பரிசோதனையை அக்டோபரில் படகை மூடும் முன்பே செய்துவிடுங்கள். எண்ணெயில் தண்ணீர் இருந்து அது குளிரில் உறைந்தால் பம்பின் உடலையே பிளந்துவிடும், அதற்குப் பிறகு உங்கள் கடைக்காரர் சொன்னதுதான் வழி.

கேள்வி: பொத்தானை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். வேறு அசைவே இல்லை.
— வாசகர், ஸ்கார்பரோ

பதில்: இது மின்சாரப் பக்கம். 'டிக்' என்பது ரிலே, அதாவது பொத்தானை அமுக்கியதும் ட்ரிம் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச், அடிக்கும் சத்தம், பொத்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். முழுதாக சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். ஒருவரைப் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு அதே நேரம் மீட்டரைப் பாருங்கள். சட்டென்று விழுந்தால் பேட்டரி பலவீனம். மீட்டர் அசையாமல் நின்றால், பேட்டரி முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள், எர்த் வயரை மறக்காமல். கீழே இறங்குகிறது, மேலே மட்டும் போகவில்லை என்றால் ரிலேயைச் சந்தேகப்படலாம். எல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லையா? ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் ட்ரிம் மோட்டாரின் மேல் லேசாகத் தட்டிக்கொண்டே அமுக்கச் சொல்லுங்கள். உயிர் வந்தால் உள்ளே மின்சாரம் கொடுக்கும் பிரஷ் என்ற கரித்துண்டு தேய்ந்திருக்கிறது அல்லது உள்ளே துரு. சுத்தியலால் அடிக்க வேண்டாம், உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் உடைந்துவிடும்.

கேள்வி: கடலில்தான் ஓட்டுகிறேன். மேலே தூக்கும்போது 'கிரீச்' என்கிறது, முழு உயரத்துக்குப் போனதும் குரல் மாறி அலறுகிறது. பயப்பட வேண்டுமா?
— வாசகர், கிளாங்

பதில்: இரண்டும் வேறு வேறு. உச்சத்துக்குப் போன பிறகு வரும் அலறல், அதிக அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வு திறக்கும் சத்தம். அது இயல்பு, அந்தச் சத்தம் கேட்டதும் பொத்தானை விட்டுவிடுங்கள். 'கிரீச்' என்பதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை, மோட்டார் மேலும் கீழும் சாயும் குழாயில் கிரீஸ் காய்ந்துவிட்டது. கிரீஸ் நிப்பிள்களில் கடலுக்கான கிரீஸை அடியுங்கள், பழைய கறுப்பு வெளியே வந்து புதுசு எட்டிப் பார்க்கும் வரை. எப்போதாவது ட்ரிம் மோட்டார் சுமையே இல்லாதது போல 'விர்ர்' என்று வேகமாகச் சுற்றி, படகு மோட்டார் துளியும் எழும்பாமல் இருந்தால் மட்டும் நிறுத்திவிட்டு எழுதுங்கள். ட்ரிம் மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கப்ளிங் உடைந்திருக்கலாம்.