சுவிட்சைத் தேடும் கை

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். இன்னும் ‘அம்மா’கூட வரவில்லை. பிறந்ததும் மஞ்சள் காமாலை ரொம்ப அதிகமாகி ஆறு நாள் லைட் பெட்டியில் வைத்திருந்தார்கள். காதில் மெஷின் வைத்துப் பார்த்து ‘பாஸ்’ என்று எழுதியும் கொடுத்தார்கள். மாமியார், ‘அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், பொறு’ என்கிறார். மற்றபடி ரொம்பச் சமத்து. சாப்பிடக் கூப்பிட லைட்டைப் போட்டு அணைத்தால் போதும், ஓடி வந்துவிடுவான். நாத்தனாருக்கு வரன் பார்க்கிறார்கள், இப்போது டாக்டரிடம் போனால் ஊரில் பேச்சாகும் என்கிறார்கள். சித்திரையில் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காது குத்து முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?
— பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: கூடாது. சித்திரை இருக்கட்டும், அடுத்த வாரத்தைத் தாண்டவே கூடாது.

காமாலை, மாமியார், நாத்தனார் வரன் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிவிட்டு, லைட் விஷயத்தை மட்டும் பிள்ளையின் சமத்துக்குச் சாட்சியாகச் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அம்மா, எந்த வீட்டில் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட சுவிட்சைத் தேடுகிறார்கள்? பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், வராவிட்டால் இன்னும் சத்தமாக, அப்புறம் ஒரு அதட்டல். நீங்களும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பீர்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, என்றோ ஒரு நாள் லைட் அணைந்ததும் அவன் திரும்பியதைப் பார்த்து, அன்றிலிருந்து உங்கள் கை தானாகச் சுவருக்குப் போகிறது. எத்தனை மாதமாக என்று நீங்கள் எழுதவில்லை. அவன் காதில் ஏதோ கோளாறு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ‘பொறுக்கலாமா’ என்று என்னிடம் அனுமதி கேட்கிறீர்கள். அதை நான் தர மாட்டேன்.

பெரியவர்கள் சொல்லைக் கேளுங்கள் என்று இதே பக்கத்தில் பலமுறை எழுதியவள் நான். ஆனால் உங்கள் மாமியாரிடம் ஒன்று கேளுங்கள்: மூணு வயசு வரை பேசாத அவர் மகன், ‘டம்ளரை எடுத்துட்டு வா’ என்றால் எடுத்து வந்தாரா இல்லையா? காது கேட்டு, பேச்சு மட்டும் தள்ளிப்போகிற பிள்ளை பெரும்பாலும் வாய் திறக்காவிட்டாலும் சொன்னதைப் புரிந்துகொள்ளும். தட்டு விழுந்தால் இவனும் திரும்புகிறானே என்பார்கள். தரை அதிர்வுக்கும் கனத்த சத்தத்துக்கும் காது கேளாத பிள்ளையும் திரும்பும்.

அந்த ‘பாஸ்’ சீட்டையும் நம்பி உட்காராதீர்கள். பிறந்த குழந்தைக்கு வழக்கமாகச் செய்வது ஓஏஈ என்கிற சோதனை. உள்காது சத்தத்துக்குப் பதில் தருகிறதா என்று மட்டும் அது பார்க்கும். காமாலை மிகவும் ஏறிய குழந்தைகளில் சிலருக்கு உள்காது நன்றாக இருக்கும், அங்கிருந்து மூளைக்குப் போகிற நரம்பில்தான் கோளாறு. அந்தப் பிள்ளை ஓஏஈயில் பாஸ் ஆகிவிடும். நரம்பைப் பார்க்கிற சோதனை பெரா. இன்னும் சிலருக்குப் பிறந்தபோது நன்றாக இருந்த காது, பிறகு மாதக்கணக்கில் மங்கும்.

ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேர் காது கேளாமையோடு பிறக்கிறார்கள். 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கிற கணக்கு. உங்கள் மகனுக்கு இருபத்திரண்டு மாதம். சத்தத்தைப் பேச்சாக மாற்றிக்கொள்ள மூளை நன்றாக வளைந்து கொடுப்பது முதல் மூன்று மூன்றரை வயது வரைதான். சித்திரை வரை நீங்கள் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் அதிலிருந்துதான் கழிகிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். பெராவில் வலி கிடையாது. தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிப் பார்ப்பார்கள். நடுக்காதில் நீர் கோத்திருப்பதுதான் காரணம் என்றால் மருந்தோ சின்ன ஆபரேஷனோ போதும். உள்காதோ நரம்போ என்றால் முதலில் காது கேட்கும் கருவி, அது போதாவிட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதுக்குள் கருவி பொருத்துகிற ஆபரேஷன். பல லட்சம் ஆகிற இந்த ஆபரேஷனை ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்த மறுநாளே பேசிவிடுவான் என்று நினைக்காதீர்கள். மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் கருவியை ஆன் செய்வார்கள், அப்புறம் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் பயிற்சி. கருவி ஒத்துவராத பிள்ளைக்குச் சைகை மொழி இருக்கிறது, அதுவும் முழுமையான மொழிதான். ஏதோ ஒரு மொழி அவனுக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும். லைட் சுவிட்சை வைத்து ‘வா’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். ‘ஏன் அழறே’ என்று கேட்க முடியாது, கதை சொல்ல முடியாது.

நாத்தனார் வரன் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிள்ளையின் கேட்காத காதை மறைத்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து, கல்யாணத்துக்குப் பிறகு அது தெரியவந்தால் அவளுக்கு எவ்வளவு தலைகுனிவு என்று யாராவது யோசித்தீர்களா? நான்கு வயதில் அத்தை வீட்டுக்குப் போகிற பிள்ளையை எங்கே ஒளித்து வைப்பீர்கள்? அப்புறம் இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவரை உங்கள் மாமியார் பேச்சுக்கு உதாரணமாகத்தான் சந்தித்தேன். இது அம்மாவும் பாட்டியும் பேசி முடிக்கிற விஷயம் இல்லை, அவர் ஒரு நாள் லீவு போட்டுக் கூட வரட்டும்.

மாமியாரையும் கூட்டிப் போங்கள், பெரா முடிவை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும். சண்டை போட்டுத் தனியாகப் போகாதீர்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாளைக்குக் கருவி மாட்டினால், நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இது கத்தரிக்கா, இது காக்கா’ என்று அலுக்காமல் பேச ஒருவர் வேண்டும். உங்கள் வீட்டில் அதற்கு அவரை விட்டால் ஆள் கிடையாது.

சோதனைக்கு முந்தின இரவு அவனைத் தாமதமாகத் தூங்க வையுங்கள், அப்போதுதான் அங்கே தூங்குவான். பால், சாப்பாடு எப்போது கொடுப்பது என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வையுங்கள். காமாலை எவ்வளவு ஏறியது என்று அதில்தான் இருக்கும்.