தண்டரின் தொடக்க ஐவரில் யார்: டார்ட்டா, கரூசோவா, வாலஸா?

கேள்வி: 2024-25 பருவத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் சாம்பியன் பட்டத்தை வென்ற ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியில், ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்குத் துணையாக ஆடும் கார்ட் (கூடைக்கு வெளியே நின்று ஆடும் வீரர்) இடத்துக்கு லூ டார்ட், அலெக்ஸ் கரூசோ, கேசன் வாலஸ் ஆகிய மூவருமே தகுதியானவர்கள். தடுப்பாட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், டென்வரின் நிகோலா யோகிச்சையே கட்டிப்போட்ட கரூசோவைத் தொடக்கத்தில் இறக்காமல் பெஞ்சில் உட்கார வைத்தது அவருடைய திறமையை வீணடித்த செயல் என்பது என் கட்சி. என் அணித் தோழர்கள் டார்ட்தான் சரி என்கிறார்கள். தங்கள் தீர்ப்பு என்ன?
— கல்லூரி அணி வீரர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: என் தீர்ப்பு உங்கள் தோழர்களின் பக்கம்தான். ஆனால் மூவரில் கூர்மையான தடுப்பாட்டக்காரர் கரூசோதான் என்ற உங்கள் கணிப்பை நான் மறுக்கவில்லை. அவரைவிடச் சிறந்தவர் யார் என்று தேடினால் விடை கிடைக்காது. மற்ற நால்வரின் பக்கத்தில் நின்று, ஆட்டத்தின் முதல் நிமிடத்திலிருந்து, அந்த நால்வருடைய சுமையை அதிகமாகக் குறைப்பவர் யார் என்று கேட்டால்தான் டார்ட்டின் பெயர் வரும்.

முதலில் அந்த நால்வரைப் பாருங்கள். ஷே அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 32.7 புள்ளிகள் எடுத்து லீகின் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர். தாக்குதலின் பெரும் பகுதி அவர் கையில் இருக்கும்போது, எதிரணியின் முதன்மைப் பந்தாளரை (பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துபவரை) விரட்டும் வேலையையும் அவர் தலையில் கட்டினால் நான்காவது கால்பகுதியில் கால்கள் சோர்ந்துவிடும். ஜேலன் வில்லியம்ஸ் பல அளவு வீரர்களையும் தடுக்க வல்லவர் என்பதால் அவரை ஒரே ஆளிடம் முடக்கக் கூடாது. பின்னால் செட் ஹோம்கிரெனும் ஐசேயா ஹார்டென்ஸ்டைனும் கூடையைக் காக்கிறார்கள். இவர்கள் இருவரும் கூடைக்கு அருகிலேயே இருந்தால்தான் முழுப் பயன் உண்டு. பந்தாளரை மறிக்க வெளியே இழுக்கப்படும் ஒவ்வொரு முறையும் பின்புறம் திறந்துகொள்கிறது.

டார்ட்டின் மதிப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது. அவர் ஸ்கிரீனை (பந்தாளரை விடுவிக்க அவருடைய அணித் தோழர் தடுப்பவரின் வழியில் நின்று போடும் மறிப்பை) எதிர்கொள்ளும் விதத்தை ஒருமுறை மெதுவாக ஓடவிட்டுக் கவனியுங்கள். ஸ்கிரீன் போட வரும் பெரிய வீரர் நிலைகொள்வதற்கு முன்பே, டார்ட் பந்தாளரின் இடுப்போடு ஒட்டி நின்று, தம் முன்காலை ஸ்கிரீனருக்கும் பந்தாளருக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியில் நுழைத்துவிடுகிறார். பிறகு தோளைச் சாய்த்து அந்த இடைவெளியைத் தம் உடலாலேயே அகலமாக்கிக்கொண்டு மறுபக்கம் வெளியே வருகிறார். 6 அடி 4 அங்குல உயரத்தில் ஏறத்தாழ 100 கிலோ எடை உள்ளவர் என்பதால், மோதினாலும் அவருடைய பாதை விலகுவதில்லை. பந்தாளர் ஸ்கிரீனைத் தாண்டிவிட்டோம் என்று நிமிரும்போது டார்ட் மீண்டும் அவருக்கு முன்னால் இருக்கிறார், அல்லது அரையடி பின்னால் முதுகில் ஒட்டியிருக்கிறார். இதனால் ஹார்டென்ஸ்டைன் இரண்டு அடி முன்னே வந்தால் போதும். மூன்று புள்ளிக் கோடு வரை ஓடி வரத் தேவையில்லை. புள்ளிவிவரப் பட்டியலில் இந்த வேலைக்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆனால் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் ஐவரைக் கொண்ட அந்தப் பருவத்தின் தடுப்பாட்ட முதல் அணியில் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள் என்றே நம்புகிறேன்.

யோகிச்சைத் தடுத்ததை நீங்கள் சான்றாகக் காட்டினீர்கள். 2025 மே 18 அன்று நடந்த, டென்வருக்கு எதிரான பிளே-ஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தை தண்டர் 125-93 என்று வென்றது. யோகிச் 20 புள்ளிகள் எடுத்தாலும் வெறும் ஒன்பது முறைதான் கூடையை நோக்கி வீச முடிந்தது. தம்மைவிட அரையடி உயரமும் நாற்பது கிலோவுக்கு மேல் எடையும் கூடுதலாக உள்ள ஒரு சென்டரை (கூடையருகே ஆடும் நெட்டை வீரரை) ஒரு கார்ட் அப்படிக் கட்டுப்படுத்தியது நானும் வியந்து பார்த்த ஒன்று. ஆனால் கரூசோ அன்று செய்தது என்ன? பந்து யோகிச்சின் கைக்கு வந்த பிறகு தடுப்பதைவிட, பந்து அவரிடம் வராமலே தடுப்பதில்தான் உழைத்தார். அவருக்கு முன்னாலும் பக்கவாட்டிலுமாக நின்று, கையை நீட்டிப் பாஸின் பாதையை மறைத்தார். தலைக்கு மேலே தூக்கிப் போடும் பாஸ் ஒன்றுதான் எதிரணிக்கு மிஞ்சியது. அதற்குப் பின்னால் நெட்டை வீரர் ஒருவர் காத்திருந்தார். ஒரு குறிப்பிட்ட எதிராளிக்காக, குறிப்பிட்ட நேரத்தில், மற்றவர்களின் நிலைகளையும் மாற்றியமைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆட்டம் எப்படிப் போகிறது என்று பார்த்த பிறகு கையில் எடுக்க வேண்டிய ஆயுதத்தை முதல் நிமிடத்திலேயே காட்டிவிட்டால், எதிரணிப் பயிற்சியாளர் இடைவேளைக்குள் மாற்று வழி கண்டுவிடுவார்.

இதில் உடலின் கணக்கும் உண்டு. கரூசோவுக்கு அப்போது 31 வயது. 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் 54இல்தான் ஆடினார், அதிலும் ஆட்டத்துக்குச் சராசரியாக 20 நிமிடங்களுக்குக் கீழேதான். தளர்ந்த பந்துக்காகத் தரையில் பாயும் அவருடைய ஆட்ட முறைக்கு அதற்கு மேல் நிமிடங்களைக் கொடுத்திருந்தால், மே மாதத்தில் யோகிச்சைத் தடுக்க அவர் முழு வலுவோடு இருந்திருப்பாரா என்பது ஐயமே. பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட் அவரைச் சேமித்து வைத்தார் என்றுதான் நான் சொல்வேன். வீணடித்தார் என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் இறக்கினால் கரூசோ பயன்படமாட்டார் என்பதும் இல்லை: 2020 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் அணி, சென்டர் டுவைட் ஹோவர்டுக்குப் பதிலாக அவரைத் தொடக்க ஐவரில் இறக்கி, மயாமியை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அதுவும் ஓர் எதிரணிக்காக, ஓர் ஆட்டத்துக்காக எடுத்த முடிவுதான்.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. தடுப்பாட்டத்துக்காக இறக்கப்படும் கார்டுக்கு வெளியிலிருந்து வீசத் தெரியாவிட்டால், அந்தத் தடுப்பாட்டம் நிலைக்காது. 2024இல் டாலஸுக்கு எதிரான தொடரில், அப்போது தண்டரின் கார்டாக இருந்த ஜாஷ் கிடியை மூன்று புள்ளிக் கோட்டில் தனியே விட்டுவிட்டு, அவருக்குரிய தடுப்பாட்டக்காரர் கூடையருகே போய் நின்றுகொண்டார். கிடி தொடக்க இடத்தை இழந்தார், பிறகு அவரைக் கொடுத்துத்தான் சிகாகோவிடமிருந்து கரூசோவை வாங்கினார்கள். டார்ட்டும் ஒரு காலத்தில் அதே நிலையில் இருந்தவர். 2020 பிளே-ஆஃபின் முதல் சுற்றில், புது வீரர்களுக்கான தேர்வுப் பட்டியலில் எந்த அணியும் எடுக்காத புதுமுகமாக ஹூஸ்டனின் ஜேம்ஸ் ஹார்டனைத் தடுக்க இறங்கியபோது, ஹூஸ்டன் அணி அவரை வெளியில் துணிந்து தனியே விட்டது. அந்தப் பருவத்தில் அவருடைய மூன்று புள்ளி வீச்சுகளில் 30 விழுக்காடுகூட உள்ளே போகவில்லை. ஏழாவது ஆட்டத்தில் ஹார்டனை 15 வீச்சுகளில் நான்கே கூடைகளுக்குக் கட்டுப்படுத்தும் முயற்சிக்குத் தலைமை தாங்கியதோடு தாமும் 30 புள்ளிகள் எடுத்தார். முடிவில் அவர் வீசிய மூன்று புள்ளிப் பந்தை ஹார்டனே தடுத்துவிட, தண்டர் 102-104 என்று தோற்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே டார்ட் 41 விழுக்காட்டுக்கு உயர்ந்தார். இந்த உயர்வு இல்லாதிருந்தால் என் தீர்ப்பும் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: மூவரில் இளையவரான வாலஸ் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு பந்துகளைப் பறித்தார். பந்துப் பறிப்பில் இவ்வளவு தேர்ந்தவரை ஏன் நிரந்தரத் தொடக்க வீரராக்கக் கூடாது?
— வாசகி, மதுரை

பதில்: வாலஸின் கைகளும் பக்கவாட்டு வேகமும் எனக்கும் மிகவும் பிடித்தவை. பந்தாளரின் டிரிபிள் தரையிலிருந்து எழும் நொடியில் கையை உள்ளே விட்டு, உடனே பின்வாங்கி ஃபவுல் ஆகாமல் தப்பும் நிதானம் அந்த வயதில் அரிது. ஆனால் பறித்த பந்துகளை ஒருவர் பெயரில் எழுதுவதில் சிக்கல் இருக்கிறது. ஒருவர் பந்தாளரை நெருக்கி அவசரப் பாஸ் போட வைக்கிறார். இன்னொருவர் அந்தப் பாஸை முன்கூட்டியே ஊகித்துக் குறுக்கே புகுந்து எடுக்கிறார். பட்டியலில் இரண்டாமவர் பெயர் மட்டும் ஏறுகிறது. தண்டரில் பெரும்பாலும் முதல் வேலை டார்ட்டுடையது.

வாலஸைத் தொடக்கத்தில் இறக்கிய சோதனையும் நடந்தது. 2025 இறுதித் தொடரில், வேகமாக ஓடி ஆடும் இந்தியானா அணிக்கு ஈடுகொடுக்க, டேக்னால்ட் ஹார்டென்ஸ்டைனை வெளியே எடுத்து வாலஸைச் சேர்த்தார். முதல் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் இந்தியானா 19 முறை பந்தை இழந்தது. அப்படியும் அந்த ஆட்டத்தை ஹாலிபர்டன் கடைசி நொடியில் வீசிய பந்தால் 111-110 என்று இந்தியானாவே வென்றது. தண்டர் ரீபவுண்டில் பெரிதும் பின்தங்கியிருந்தது. எதிரணி தவறவிட்ட பந்தை மீண்டும் எதிரணியே எடுத்துக்கொண்டால், முன்னே கார்டுகள் பட்ட பாடு பாதி வீணாகிறது. மூன்று ஆட்டங்களில் இரண்டைத் தோற்றபின் நான்காவது ஆட்டத்தில் ஹார்டென்ஸ்டைன் தொடக்க ஐவருக்குத் திரும்பினார்; தண்டர் 111-104 என்று வென்று தொடரைச் சமன் செய்தது. அந்த ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்த கரூசோ 20 புள்ளிகளும் ஐந்து பந்துப் பறிப்புகளும் எடுத்தார் என்பதை முதல் கேள்வி கேட்ட தம்பியும் கவனிக்க வேண்டும்.

ஒரு கார்டைக் கூடுதலாகச் சேர்ப்பதும், ஒரு கார்டுக்குப் பதிலாக இன்னொருவரை இறக்குவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டார்ட்டின் இடத்தில் வாலஸை இறக்கினால் கூடையருகே குறை வராது. வலிமையான தோளோடு உள்ளே இடித்துக்கொண்டு நுழையும் பந்தாளர் எதிரே வரும்போதுதான் அவருடைய எடை போதாமல் போகும். இரண்டு மூன்று பருவங்களில் அந்த உடல்வலு அவருக்கு வந்துவிட்டால், இதே கேள்வியை நீங்கள் மீண்டும் கேட்கலாம்.

கேள்வி: ஷேயே எதிரணியின் சிறந்த கார்டைத் தடுத்தால் என்ன? அவருக்குத் தடுப்பாட்டம் வராதா?
— பள்ளி மாணவர், தஞ்சாவூர்

பதில்: நன்றாகவே வரும். 2023-24இல் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு பந்துகளைப் பறித்தவர் அவர். நீண்ட கைகளோடு பாஸ் பாதையில் காத்திருப்பதுதான் அவருடைய பலம். அதற்கு அவர் பந்தாளரிடமிருந்து ஒரு பாஸ் தள்ளி நிற்க வேண்டும். பந்தாளரின் மார்போடு ஒட்டி மைதானம் முழுவதும் ஓட வேறொருவர் இருக்கும்போதுதான் அந்த இடம் அவருக்குக் கிடைக்கிறது.