நொடிக்கு ஒரு வரி எழுதினால் சுருக்கம் உதவுமா?

நண்பரே, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் வெப்பநிலையை நொடிக்கு ஒரு வரியாக சிஎஸ்வி கோப்பில் பதிகிறீர்கள், பிடிஆர்எஃப்எஸ் (லினக்ஸின் ஒரு கோப்பு முறை) சுருக்கம் போட்டால், எழுத எழுதத் தேயும் எஸ்எஸ்டி டிஸ்க்கின் தேய்வு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது எழுதும் விதத்தில் பெரிதாகக் குறையாது. ஒரு வரி 60 பைட்தான், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் சிங்க் செய்தால் (உடனே டிஸ்க்கில் எழுதச் சொன்னால்) குறைந்தது 4 கேபி தொகுதி ஒன்றும், அதோடு கோப்பு முறையின் சொந்தக் கணக்கு வழக்கும் சேர்ந்தே டிஸ்க்குக்குப் போகும், அதில் சுருக்க என்ன இருக்கிறது? முதலில் வரிகளை நினைவகத்தில் சேர்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 300 வரியாக மொத்தமாக எழுதுங்கள் (கரண்ட் போனால் அந்த ஐந்து நிமிடம் போச்சு, யுபிஎஸ் இருக்கட்டும்). அப்புறம் பிடிஆர்எஃப்எஸ்ஸில் இசட்எஸ்டிடி என்ற சுருக்க முறையைப் போடுங்கள், ஒரே மாதிரி எண்கள் திரும்பத் திரும்ப வருவதால் நன்றாகவே சுருங்கும். சிசிடிவி வீடியோவும் அதே டிஸ்க்கில் என்றால் அதற்கு இது பயன்படாது, அது ஏற்கெனவே சுருங்கியது.

பழைய கோப்புகளைச் சுருக்குகிறேன் என்று டிஃப்ராக் (கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் கட்டளை) ஓட்டாதீர்கள், அதுவே எல்லாவற்றையும் திரும்ப எழுதும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் கட்டளை) காட்டும், இதுவரை எழுதிய தரவு அலகுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி டிஸ்க்கில் ஒரு அலகு 5,12,000 பைட்.