வெளியூர் போனால் நல்ல காபி எங்கே கிடைக்கும்? கேள்வி பதில்

காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடையில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். பொடி சப்ளைக்காக மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் உள்ள சின்ன ஊர்களை வாரத்தில் மூன்று நாள் சுற்றுவேன். கும்பகோணம் பக்கம் வருகிறவர்கள் காபியைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, சென்னையிலிருந்து வரும் வழியெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று போர்டு. அங்கேயே குடித்துவிட்டால் போதாதா?

தூக்கம் கலைவதற்குக் குடியுங்கள், தப்பில்லை. சில கடைகளில் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம். பித்தளை டம்ளர் வாங்குவது சுலபம், பால்தான் கஷ்டம்.

'டிகிரி' என்ற பேருக்கு இரண்டு கதை சொல்வார்கள். சிக்கரி என்ற சொல்தான் வாயில் புரண்டு டிகிரி ஆயிற்று என்பது ஒன்று. இன்னொன்று பாலைப் பற்றியது. லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டால், தண்ணீர் கலக்காத பசும்பாலுக்கு 28லிருந்து 32க்குள் காட்டும். தண்ணீர் கலந்தால் அளவு இறங்கிவிடும். அந்த டிகிரியில் தேறிய பாலில் போட்ட காபி டிகிரி காபி. நான் பால் கட்சி. இந்தப் பக்கத்துப் பழைய மாஸ்டர்கள் யாரிடம் பேசினாலும் பொடியைப் பற்றி அப்புறம்தான் பேசுவார்கள். முதல் பேச்சு "பால் எங்கே வாங்குகிறோம்" என்பதுதான்.

முன்பின் தெரியாத ஊர். நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். நான் பார்ப்பது இவ்வளவுதான்.

விடியற்காலையில் போங்கள். ஐந்தரையிலிருந்து ஏழரை வரை கறந்த பால் வந்து இறங்கும் நேரம். டிகாக்ஷனும் அப்போதுதான் இறங்கியிருக்கும். டிகாக்ஷன் இறங்கி மூன்று நான்கு மணி நேரம் ஆனால் வாசனை போய்விடும், நாக்கில் ஒரு புளிப்பு தட்டும். பதினோரு மணிக்குப் போய்க் குடித்துவிட்டு அந்தக் கடையைக் குறை சொல்லக் கூடாது.

அப்புறம், யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பூக்கட்டுகிறவர்கள், பேப்பர் போடுகிற பையன், முதல் பஸ் எடுக்கப்போகும் டிரைவர், இவர்கள் நிற்கிற கடை தப்பாது. தினமும் குடிக்கிறவனை ஏமாற்ற முடியாது.

மூன்றாவது, பாலைப் பாருங்கள். பாபநாசத்தில் ஒரு கடை, மொத்தமே இரண்டு பெஞ்சுதான். மாஸ்டர் அறுபதைத் தாண்டியவர். முன்கூட்டிக் கலந்து வைக்கும் பழக்கமே அவருக்குக் கிடையாது. ஆள் வந்து நின்ற பிறகுதான் டம்ளரில் சர்க்கரை போடுவார். அதன்மேல் டிகாக்ஷன், சுமார் கால் டம்ளர். கொதிக்கிற பாலின் ஆடையைக் கரண்டியின் முதுகால் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து பாலை மொண்டு ஊற்றுவார். டவராவுக்கும் டம்ளருக்குமாக இரண்டே ஆற்று. மூன்றாவது ஆற்று ஆற்றினால் சூடு இறங்கிவிடும் என்பார். கடைசியில் மேலே ஒரு சொட்டு டிகாக்ஷன் விடுவார். வெள்ளை நுரையில் அது காசு அகலத்துக்குப் பழுப்பாகப் பரவும். அந்தக் காபியை வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தால், ஊர் எழுந்திருப்பது முழுக்கக் கண்ணில் படும். எதிர்க் கடையில் ஷட்டர் தூக்குவார்கள், ஒரு அம்மா வாசலில் தண்ணீர் தெளிப்பார். பொடி கொடுக்கப் போகும் எனக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் அன்றைய தினத்திலேயே நல்ல பத்து நிமிஷம்.

சிக்கரி கலப்படம்தானே? கலக்காத கடையைத் தேடிப் போக வேண்டுமா?

கலப்படம் என்று சொல்லாதீர்கள், மனசு கஷ்டமாக இருக்கிறது. சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும். நம் நாட்டில் பெரும்பாலும் குஜராத்தில் விளைகிறது. சட்டப்படி கலக்கலாம்; கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்பதைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். நிறையப் பால் ஊற்றிக் குடிக்கும் நமக்கு 80க்கு 20 என்பது நல்ல கணக்கு. பாதிக்குப் பாதி என்று போனால் கசப்பும் கறுப்பும்தான் மிஞ்சும்.

சோதிக்க வேண்டுமானால் ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை பொடியைத் தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி சட்டென்று நிறம் விட்டுக்கொண்டே அடியில் இறங்கும்.

எனக்குச் சர்க்கரை வியாதி. கடையில் எப்படிக் கேட்பது?

'வித்தவுட்' என்று ஒரே வார்த்தை, எல்லா ஊரிலும் புரியும். முதலிலேயே சொல்லிவிடுங்கள், சர்க்கரைதான் முதலில் டம்ளரில் விழும்.

நான் தனியாகப் பயணம் செய்யும் பெண். இந்த மாதிரிக் கடைகளில் உட்கார்ந்து குடிக்க முடியுமா?

உள்ளதைச் சொல்கிறேன். ரோட்டோரம் நின்று குடிக்கிற கடைகளில் இன்னும் ஆண்கள் கூட்டம்தான். சிலர் உற்றுப் பார்ப்பார்கள். தப்பு அவர்கள் மேல்தான், ஆனாலும் காபி இறங்காது. அதனால் மேஜை போட்ட சின்ன டிபன் கடையாகப் பாருங்கள். கோயில் சன்னதித் தெருக்களில் காலை ஆறு மணிக்கே குடும்பங்கள் வந்துவிடும். கல்லாவில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தால் தயங்காமல் நுழையுங்கள்.

இந்தக் கேள்வியைப் படித்ததும் பழைய காபி கிளப்புகள் ஞாபகம் வந்தன. எல்லாரும் ஒன்றாக உட்கார முடியாத இடங்களாகத்தான் அவற்றில் பல இருந்தன. 'பிராமணாள்' என்று பெயர்ப்பலகையில் எழுதியிருந்த ஓட்டல்களின் முன்னால் பெரியாரின் திராவிடர் கழகம் 1957இல் மறியல் செய்தது. பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்காமல் இன்று ஒரே பெஞ்சில் டவரா வைக்கிறோம் என்றால், அதற்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு. பழைய கிளப்பின் ருசியைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த பெஞ்சில் உங்களுக்கும் நிம்மதியாக இடம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

கும்பகோணத்தில் பித்தளை ஃபில்டர் வாங்கலாமா?

வாங்கலாம். உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெறும் பித்தளையில் டிகாக்ஷன் நின்றால் களிம்பு ருசி வரும். மேல் பாத்திரத்தின் துளைகள் பொடிசாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். தினசரிப் புழக்கத்துக்கு எவர்சில்வரே போதும்.

அதே பொடியை வாங்கி வந்தும் வீட்டில் அந்த ருசி வரவில்லையே?

கால் கிலோவுக்கு மேல் வாங்கியிருப்பீர்கள். அரைத்த பொடி பத்துப் பதினைந்து நாளில் வாசனை இழந்துவிடும். கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிஷம் கழித்து ஊற்றுங்கள். பொடியை ரொம்ப அழுத்தாதீர்கள், இறங்காது. ஃபில்டரைத் தட்டித் தட்டி அவசரப்படுத்தவும் கூடாது.

ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

சென்னையிலிருந்து ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் கும்பகோணத்தில் இறங்கலாம். ஆட்டோ வேண்டாம், மகாமகக் குளம் வரைக்கும் நடந்தே போங்கள். 2028 மகாமகத்தின்போது அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது, மற்ற நாட்களில் அந்த நேரத்தில் குளக்கரை அமைதியாக இருக்கும். அங்கிருந்து சாரங்கபாணி கோயில் பக்கம் போகும்போது, பூக்காரர்கள் எந்தக் கடையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அங்கேயே உட்காருங்கள். ஒன்று குடித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஸ்ட்ராங் கூடவா குறையவா, சர்க்கரை எப்படி இருந்தது என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு இரண்டாவது கேளுங்கள். உங்கள் அளவு இப்போது அவர் கைக்குத் தெரியும்.