கோலம் போட்ட இடத்தில் மட்டும் கிளேஸ் விலகுவது

கிளேஸை, அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சை, மாற்ற வேண்டாம். அகல் விளக்கில் கோலம் வரைந்த இடத்தில் மட்டும் அது சுருண்டு விலகுகிறது என்றால், அடியில் தீட்டிய நிறத்தைத் தடிப்பாகப் பூசியிருப்பீர்கள். தடித்த நிறம் மூடி மண் தண்ணீரை உறிஞ்சாத இடத்தில் கிளேஸ் சரியாகப் பிடிக்காது.

கிளேஸ் பூசுமுன், முதல் சூட்டில் வெந்த மண் உடைசல் ஒன்றில் அந்த நிறத்தால் இரண்டு கோடு இழுங்கள்: ஒன்று இப்போது போல, மற்றது தண்ணீர் கலந்து. காய்ந்ததும் கோட்டுக்கொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எதில் உறிஞ்சாமல் நிற்கிறதோ, அதுதான் வம்பு.

கிளேஸ் காய்ந்தபின் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் விரலால் மெல்லத் தேய்த்து மூடிவிட்டு அடுக்குங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் மழைக்காற்றில் காய நேரமெடுக்கும். தீபாவளி ஆர்டர் என்று ஈரத்தோடு சூளையில் ஏற்றினாலும் இதே கதைதான்.

விளக்கில் கிளேஸ் இப்படி விலகினாலும் பரவாயில்லை. சாப்பாட்டுக் கிண்ணத்தில் இப்படி மண் தெரிந்தால் விற்காதீர்கள், அழுக்கு தங்கும்.